பெத்லகேம் வழியாகப் போகும் ரயில்

பொம்மை ரயிலைச் சரியாகப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். பலகையின் விளிம்பில் ஒரு கன்னத்தை வைத்து, காது மரத்தில் ஒட்டும்படி படுக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்திருக்கும் கண் தண்டவாளத்தின் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். இவ்வளவும் செய்யும்போது உடம்பின் மிச்சம், குறிப்பாகப் பின்புறம், கூரையைப் பார்த்து எழுந்து நிற்கும். கிள்ளானில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நுழைந்ததும் முதலில் தரிசிப்பது, அரைக்கால் சட்டை போட்ட, பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் உள்ள ஓர் ஆளின் அந்தப் பாகத்தைத்தான். என் மனைவியின் புகார்ப் பட்டியலில் இதற்கு நல்ல இடம் உண்டு.

ஆனால் அந்த ஒற்றைக் கண் காண்பதை எப்படிச் சொல்வது?

நின்றுகொண்டு பார்த்தால் அது ஒரு பிளைவூட் பலகைமேல் ஓடும் விளையாட்டுச் சாமான். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கிப்போன எஞ்சின். என் செருப்பைவிடச் சின்னது. கன்னத்தை வைத்த பிறகு பலகை காணாமல் போய்விடும். இரண்டு கோடுகள் நேராகப் போய் ஒரு மலைக்குப் பின்னால் வளைகின்றன. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மரத்தின் வழியாகக் காதுக்குள் ஓர் அதிர்வு. வளைவில் ஒரு வெளிச்சம். அது வருகிறது. வந்துகொண்டே வளர்கிறது. கண்ணுக்கு எதிரே சுவர்போல எழுந்து, வானத்தை மறைத்து, பெட்டி பெட்டியாக, ஜன்னல் ஜன்னலாகக் கடந்து போகிறது. கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் மூச்சு விட வேண்டும் என்று ஞாபகம் வருகிறது. எத்தனை முறை பார்த்திருப்பேன்! அந்த எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அதன் வயிற்றில் இருக்கும் மோட்டாருக்கு எண்ணெய் விடுகிறவன் நான். எல்லா சூட்சுமமும் தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறேன். ஏமாந்ததில் ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை.

கன்னம் வைத்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. கேஸ் கொண்டுவந்த அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே படுத்தார். எழுந்தபோது சிரிப்பு இல்லை. "இன்னொரு வாட்டி விடுங்க பாஸ்" என்று மெதுவாகக் கேட்டார். அன்றைக்கு எங்கள் வரிசையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சமையல் தாமதம்.

இந்த வீட்டில் இந்த டிசம்பர்வரை கன்னம் வைக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். என் மனைவி.

"நான் எதுக்கு வைக்கணும்?" என்பாள். "பொறந்ததிலேர்ந்து கல்யாணம் வரைக்கும் ரயில்மேலதான் கன்னத்த வெச்சுத் தூங்கினேன்."

அதுவும் உண்மைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா ரயிலில் கார்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய், கால்வாய்க்குப் பின்னால் தண்டவாளம். ரயில் போனால் அலமாரியில் தட்டுகள் தாமாகவே இடம் மாறி உட்காரும். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதா படம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். நேராக்குவதை அவள் அம்மா எப்போதோ விட்டுவிட்டாராம். அவளுக்கு ரயில் என்றால் சத்தம், புகை, அப்புறம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு சாமான். வீட்டில் குடில் ஜோடித்து விளக்குப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்க வேண்டிய ஆள் ஜொகூர் பக்கம் எங்கேயோ பச்சைக் கொடி ஆட்டிக்கொண்டிருப்பார்.

என் கதை வேறு. நான் டெங்கில் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே சைக்கிள் உண்டு, லோரி உண்டு, மனது வைத்தால் வரும் பஸ் உண்டு. தண்டவாளம் மட்டும் கிடையாது. ஒரு கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்க அப்பா என்னை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். எடுத்து முடித்த பிறகு, நேரம் மிச்சம் இருந்ததால், கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனைக் காட்ட நடத்திக்கொண்டு போனார். வெள்ளை வெளேரென்று, தலை நிறையக் கோபுரம் வைத்துக்கொண்டு நின்றது அது. ராஜா வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளே போனால், அந்த வீட்டு ராஜா நின்றுகொண்டிருந்தார். எஞ்சின். எங்கள் தோட்டத்து வீட்டைவிட உயரம். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு, அடிவயிற்றில் சூடு விட்டுக்கொண்டு. அதன் உறுமல் சிமெண்டுத் தரை வழியாக என் வெறுங்காலில் ஏறி, முட்டியைத் தாண்டி, வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

"அப்பா, இது எங்க போகுது?"

"சிங்கப்பூருக்கு."

"நாம?"

"டெங்கிலுக்கு. பஸ்ல."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ரயிலோடு ஏதாவது ஒரு வகையில் சம்பந்தம் வைத்துக்கொள்வதென்று. பெரியவனாகி இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது வேறு விஷயம். சம்பந்தம் சம்பந்தமாகவே வந்தது. மாதா கோயில் பங்குச் சாமியாருக்குத் தெரிந்த இடம், ரயில்வே குடும்பம், பெண் டைப்பிங் படித்திருக்கிறாள் என்றார்கள். பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதை நான் காதில் வாங்கினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரயில்வே என்ற வார்த்தை நன்றாகக் கேட்டது.

பெண் பார்க்கப் போன அன்று குவார்ட்டர்ஸ் வீட்டு முன்னறையில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அப்பா, அம்மா, சாமியார், எல்லோரும் ஆளுக்கொரு முறுக்கு. திடீரென்று தட்டில் இருந்த முறுக்குகள் நடுங்கத் தொடங்கின. எங்கோ வளைவில் ஒரு ஊதல். அதற்குப் பிறகு நடந்ததற்கு என் கால்கள்தான் பொறுப்பு. எழுந்தேன். சமையலறை வழியாக ஓடினேன். கதவருகில் யாரோ நின்றார்கள், ஒதுங்கிக்கொண்டு போனேன். பின்வாசலைத் தாண்டியதும் ஏதோ வெள்ளையாக முகத்தில் வந்து அடித்தது, அதை விலக்கினேன். அங்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம், நெற்றியில் மஞ்சள் பட்டையோடு எஞ்சின் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பெட்டிகள், பெட்டிகள், இன்னும் பெட்டிகள். பூமி குலுங்கியது. முடியும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கதவருகில் நின்றது, கையில் காப்பி ட்ரேயுடன், பட்டுச்சேலையில் என் மனைவி. அதாவது, மனைவியாகப் போகிறவள்.

இதைச் சொல்லிக்காட்டாத கிறிஸ்மஸ் எங்கள் வீட்டில் கிடையாது. "நான் ட்ரேயோட நிக்கிறேன். இந்த மனுஷன் என்னையப் பார்க்கல. தள்ளிட்டு ஓடுறாரு. பொண்ணு பார்க்க வந்தாரா, ரயில் பார்க்க வந்தாரா, யாருக்குத் தெரியும்?" அவள் அப்பா மட்டும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை நேர்மையானவன் என்று சொன்னாராம். கல்யாணம் அவர் சிரிப்பில்தான் நடந்தது.

இப்போது நான் தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறேன். போர்ட் கிள்ளானிலிருந்து இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் எனக்கு முன்பே ஏறித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருக்கிறவர்கள் போனைப் பார்ப்பார்கள். நான் ஒருவன்தான் எதிர்த் தண்டவாளத்தில் வரும் ரயிலுக்குக் காத்திருப்பேன். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று கடக்கும்போது காற்று கண்ணாடியில் 'டப்' என்று அறையுமே, அதற்காக. பக்கத்தில் இருப்பவர் நான் புதிதாக ஊருக்கு வந்தவன் என்று நினைத்து இறங்க வேண்டிய ஸ்டேஷனைச் சொல்லித்தருவார். தலையை ஆட்டி நன்றி சொல்லிவிடுவேன்.

வீட்டு ரயில் எப்போது வந்தது என்றால், பிள்ளைகள் வேலைக்குப் போய்த் தனி வீடு பார்த்த பிறகு. கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி ஒரு வட்டத் தண்டவாளம், ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி. அழகாக இருக்கிறது என்று அவளே சொன்னாள். அங்கேதான் தப்புச் செய்தாள். மரம் ஜனவரியில் போய்விட்டது, ரயில் போகவில்லை. வட்டம் நீண்டது. பலகை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வந்தது. ஜெர்மன்காரன் செய்த பெட்டிகளுக்குப் பெயிண்ட் பிரஷால் மலேசியக் குடியுரிமை கொடுத்தேன். மலைகள் எழுந்தன. அவற்றுக்கான பிளாஸ்டர் என் நண்பர் கொடுத்தது. அவர் சுபாங்கில் பல் டாக்டர், சீனர், என்னைப் போலவே இந்த நோய் பிடித்தவர். கடைவாய்ப் பல்லை அச்செடுக்கும் அதே பிளாஸ்டரில்தான் எங்கள் வீட்டு மலைத்தொடர் நிற்கிறது. அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் நோயாளிகளிடம் கற்றது. வாயத் தொறங்க, துப்புங்க, வலிக்குதா. இந்த மூன்றை வைத்துக்கொண்டே எந்தப் பேச்சையும் சமாளித்துவிடுவார்.

ரயில் வளர்ந்து வளர்ந்து ஹாலில் ஜன்னலோர மூலையைப் பிடித்துக்கொண்டது. அது குடிலின் மூலை. வருடா வருடம் அவள் அங்கேதான் பெத்லகேமைக் கட்டுவாள். அம்மா வீட்டிலிருந்து வந்த சொரூபங்கள். மேய்ப்பர்கள், ஆடுகள், மூன்று ராஜாக்கள், ஒரு ஒட்டகம். போன வருடம் மூலை இல்லாததால் பெத்லகேம் வாசலுக்கு நகர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால், குழந்தை இயேசு எங்கள் வீட்டில் ஷூ ரேக்கின்மேல் பிறந்தார். கரோல் குரூப் வந்தது. கிதார், தாம்பூரின், இருபது குரல், எல்லாம் ஷூ ரேக்கைப் பார்த்துப் பாடின. பாட்டு முடிந்ததும் ஒரு சின்னப்பெண் சத்தமாகக் கேட்டாள்: "ஆன்டி, ஏன் உங்க வீட்ல இயேசு செருப்புமேல இருக்காரு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு வருடம் நீடித்தது.

இந்த வருடம் டிசம்பர் பிறந்ததும் தீர்ப்பு வந்தது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

"என்னங்க. இந்த வருஷம் குடில் அதோட எடத்துல இருக்கும். ரயில் இருக்காது."

"கொஞ்சம் நகர்த்தி வெச்சா..."

"போன வருஷம் நகர்ந்தது பெத்லகேம். இந்த வருஷம் நீங்க நகருங்க."

"மூலையில வளைவு இருக்கு. வளைவு இல்லாட்டி ரயில் திரும்பாதுல்ல?"

"திரும்ப வேண்டாம். நேரா போகட்டும். சுபாங் வரைக்கும் போகட்டும்."

அவள் ஏற்கனவே பல் டாக்டருக்குப் போன் செய்துவிட்டாள். அவர் வீட்டில் மாடி முழுக்கக் காலி. பலகையை உடைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கரோல் குரூப் வருவதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் லோரி வரும். அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து, என் மலைகளை எல்லாம் தடவிப் பார்த்து, என் தோளில் கை வைத்தார்.

"வலிக்குதா?" என்றார்.

வலித்தது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுபாங்குக்குப் போய் அந்த ரயிலைப் பார்க்கலாம்தான். ஆனால் விருந்தாளியாகப் போய் ஒருவர் வீட்டில் எவ்வளவு நேரம் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு இருக்க முடியும்?

அதனால் லஞ்சம் கொடுப்பதென்று முடிவு செய்தேன். பலகையின் ஒரு ஓரத்தில் மலையைப் பெயர்த்துவிட்டு அவள் பிறந்த குவார்ட்டர்ஸைக் கட்டிவிடுவது. நிஜக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இடித்து வருடங்கள் ஆகின்றன. என் அட்டை வீட்டைப் பார்த்ததும் மனம் இளகி, கண் கலங்கி, ரயில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாள் என்பது திட்டம். திட்டத்தில் இன்சூரன்ஸ்காரன் புத்தி இருந்ததே ஒழிய வேறொன்றும் இல்லை.

தண்டவாளப் பக்கம் எனக்கு அபாரமாக வந்தது. பெண் பார்த்த அன்றைய அந்தக் கொஞ்ச நேரத்தை என் மண்டை அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. கால்வாயின் உடைந்த ஓரம், பழைய ஸ்லீப்பர் கட்டைகளால் நட்ட வேலி, ஒரு கட்டை மட்டும் சாய்ந்திருந்தது, கைகாட்டிக் கம்பம், கம்பத்தடியில் புல் இல்லாத ஒரு வட்டம், ஜல்லிக் கற்களில் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பு. எல்லாம் ஒன்று விடாமல் வைத்தேன். கண்ணை மூடினால் அந்த மஞ்சள் நெற்றி வந்தது. கை தானாக வேலை செய்தது. இத்தனை வருடமாக இவ்வளவும் எனக்குள் இருந்திருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வீட்டை வெட்டி ஒட்டி, கதவு ஜன்னல் வைத்து, மஞ்சள் அடித்து முடித்தேன். வெள்ளிக்கிழமை மாலை, லோரி வருவதற்கு முந்தின நாள், எல்லாவற்றையும் ஒரு துண்டால் மூடிவைத்தேன். பலகையின் மறு ஓரத்தில் ஏற்கனவே குடியேற்றம் நடந்திருந்தது. என் மனைவி குடில் சொரூபங்களைக் கழுவித் துடைத்து, இடம் இனி எங்களுடையது என்பதுபோல, என் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஒரு ஆடு எஞ்சினைவிட உயரம். மூன்று ராஜாக்களும் சிங்கப்பூர் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

அவள் பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு வந்தாள். ஹால் விளக்கை அணைத்தேன். ஜன்னலில் மாலை வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துண்டை எடுத்தேன்.

"என்ன இது?"

"உங்க அப்பா வீடு. பிரிக்ஃபீல்ட்ஸ்."

பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே பார்த்தாள். நான் கண் கலங்குவதற்குக் காத்திருந்தேன்.

"இது எங்க வீடா? பாலர் பள்ளி மாதிரி இருக்கு."

"ஏன், நல்லாதானே இருக்கு?"

"கதவு நடுவுலயா இருந்துச்சு? ஓரத்துல லா. ஜன்னல் ஒண்ணுதான், அதுவும் மரப்பலகை. நீங்க ரெண்டு வெச்சிருக்கீங்க, கர்டனோட. குளிக்கிற எடம் எங்க? வெளிய தனியா இருக்கும். அப்பறம் மஞ்சளா? கவர்மெண்டு எப்ப எங்களுக்கு மஞ்சள் அடிச்சுக் குடுத்தான்?"

"நான் பார்த்தது அப்படித்தான்..."

"நீங்க எங்க பார்த்தீங்க? பின்வாசல்ல நின்னு ரயிலப் பார்த்தீங்க. ஒரு வாட்டி திரும்பி வீட்டைப் பார்த்தீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கைகாட்டிக் கம்பத்தடியில் புல் இல்லாத வட்டம்வரை ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பின்னால் இருந்த வீடு, ஒரு துளிகூட இல்லை. நான் கட்டி வைத்திருந்தது ஆரம்பப் பள்ளியில் வரைகிற வீடு. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல். உலகத்தில் யாரும் குடியிருக்காத வீடு.

அவள் பையைக் கீழே வைத்தாள். குனிந்தாள். குற்றம் கண்டுபிடிக்கிற குனிதல்தான்.

"துணிக்கொடி எங்க?"

"ரயில் பக்கமா துணி காயப்போடுவாங்க?"

"வேற எங்க போடுவாங்க? முன்னால ரோடு. பின்னாலதான் கொடி, கம்பத்துலேர்ந்து ஜம்பு மரம் வரைக்கும். அப்பாவோட வெள்ளை யூனிஃபார்ம் எல்லாம் அங்கதான் தொங்கும். வளைவுல ஊதினா போதும், அம்மா அடுப்பாங்கரையிலேர்ந்து கத்துவாங்க, 'வெள்ளையை எடு!' யார் கிட்ட இருக்காங்களோ அவங்க ஓடணும். சோறு தின்னுட்டு இருந்தாலும் ஓடணும். கலர்த்துணி கிடக்கட்டும், வெள்ளைய மட்டும் எடுத்துரணும். இல்லாட்டி எஞ்சின் புகை, பொட்டு பொட்டா கறுப்பு. நான் எச்சக் கையோட ஓடியிருக்கேன். பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தவ பென்சிலக் காதுல சொருகிட்டு ஓடியிருக்கேன். தூக்கத்துல எழுந்து ஓடிப்போய் கொடியத் தடவினேனாம், அன்னைக்குக் கொடியில துணியே இல்லியாம்."

பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"நீங்க வந்த அன்னைக்கும்தான் ஊதுச்சு. அம்மா கத்துனாங்க. நான் பட்டுச்சேலையில, ட்ரேயோட. என்னா செய்ய முடியும்? நீங்கதான் ஓடினீங்க. சரி, மாப்பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கு, வெள்ளைய எடுக்கத்தான் ஓடுறாருன்னு நெனச்சேன்."

முகத்தில் வந்து அடித்த அந்த வெள்ளை. நான் விலக்கிவிட்டு ரயிலைப் பார்த்தேனே, அது என் மாமனாரின் சட்டை.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் என்ன? அப்பா பொட்டு வெச்ச சட்டையோட டூட்டிக்குப் போனாரு."

நூல்கண்டை எடுத்து நீட்டினேன். அவள் என் பழைய வெள்ளைக் கைக்குட்டையையும் கத்தரிக்கோலையும் கேட்டாள். ஹால் விளக்கைப் போட்டுவிட்டு நான் கதவைப் பெயர்த்து ஓரத்துக்கு நகர்த்தினேன்; ஒரு ஜன்னலை அடைத்தேன்; மஞ்சளைச் சுரண்டி எடுத்தேன். அவள் நகத்தைவிடச் சின்னச் சின்னச் சட்டைகளை வெட்டினாள். கைகள் தனி, காலர் தனி. பல் டாக்டர் கொடுத்த இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டினாள். வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் எஞ்சினை மறந்து நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொடி உசரம் சரியா?" என்றாள்.

"மேலேர்ந்து பார்த்தா தெரியாது. கன்னத்த வெக்கணும்."

சத்தியமாக, தந்திரம் எதுவும் இல்லாமல்தான் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை. அவளும் வேலை மும்முரத்தில் கண்ணாடியைக் கழற்றினாள். பலகையில் கன்னத்தை வைத்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

நான் ஹால் விளக்கை மறுபடி அணைத்தேன்.

வெளியே வெளிச்சம் போய்விட்டிருந்தது. நான் வீட்டுக்குள் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தேன்; அதன் ஒளி அடைக்காத ஜன்னல் வழியாகக் கொடிவரை விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டைகள். ஜம்பு மரம் இன்னும் செய்யாததால் கறிவேப்பிலைக் குச்சி ஒன்று. அதற்கு அப்பால் சாய்ந்த வேலிக் கட்டை.

"இவ்வளவு பெரிசா இருக்கே," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினேன். மலைக்குப் பின்னால் எஞ்சின் கிளம்பியது. மரம் அதிர்ந்திருக்கும், அவள் காதுக்குள் போயிருக்கும். வளைவில் வெளிச்சம் தெரிந்தது. வளர்ந்தது. ஜன்னல்களில் விளக்கெரியும் பெட்டிகள் பின்னால் வந்தன. அவள் முகத்தில் அந்த வெளிச்சம் ஏறியது. நெற்றியில், மூக்கில், திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணில்.

"ஐயோ, வெள்ளை!"

அவள் கை பாய்ந்தது. தலையை எடுக்கவே இல்லை. கை மட்டும் வானத்திலிருந்து இறங்கி, இடுக்கியோடு, ஒவ்வொரு சட்டையாகக் கொடியிலிருந்து பறித்தது. ஒன்று, இன்னொன்று. எஞ்சின் வேலியைத் தொடுவதற்குள் கடைசிச் சட்டை. அந்த வயதிலும் அவ்வளவு வேகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடிய பெண்ணை நான் பார்த்தேன். பட்டுச்சேலையில் ட்ரேயோடு நின்றவளையும் பார்த்தேன். என் கண்ணுக்கு முன்னால் நான் கட்டிய ரயில் நான் கட்டிய ஊரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஒரு பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என் கட்டைவிரல் கன்ட்ரோலரை முழுசாகத் திருப்பியிருந்தது தெரிந்திருக்கும்.

மூலை வளைவில் எஞ்சின் தண்டவாளத்தை விட்டுப் பாய்ந்தது. பெட்டிகள் பின்தொடர்ந்தன. பிளாட்பாரத்தில் காத்திருந்த மூன்று ராஜாக்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. ஒட்டகம் பலகையிலிருந்து விழுந்து சோபாவுக்கு அடியில் போனது. பெத்லகேமில் ஒரு மேய்ப்பர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், அவரும் எஞ்சினில் சாய்ந்துகொண்டு.

விளக்கைப் போட ஓடினேன். என் ஆயுள் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா வீட்டுச் சொரூபங்கள்! நாளைக்கு லோரி எதற்கு, நானே தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் இன்னும் கன்னத்தை எடுக்கவில்லை. இடுக்கியில் சட்டைகளை ஒரு கொத்தாகப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொட்டுகூட இல்ல," என்றாள்.

ஒட்டகத்துக்கு ஒரு காது போய்விட்டது. இரவு முழுக்கத் தேடியிருப்பேன், அவள் விடவில்லை. கொடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள். குளிக்கிற இடத்துக்குத் தகரக் கூரை வேண்டும் என்றாள். கால்வாய்மேல் ஒரு பலகைப் பாலம் இருந்ததாம், அப்பா அதில்தான் குறுக்கே போவாராம், அது இல்லாமல் எப்படி அவர் டூட்டிக்குப் போவார் என்று என்னையே கேட்டாள். சட்டைகளைத் திரும்பவும் கொடியில் மாட்டினாள். மூலையில், வளைவுக்கு உள்பக்கமாக, ராஜாக்களை நிறுத்தி அளவு பார்த்தாள். அங்கே குடிலுக்கு இடம் போதுமா என்று நான் கேட்கவில்லை. சில நேரம் எனக்கும் புத்தி வேலை செய்யும்.

காலையில் வாசலில் லோரி ஹார்ன் அடித்தது. பல் டாக்டர், கூடவே பலகை தூக்க இரண்டு பேர், கட்டிப்போட ஒரு மூட்டைக் கயிறு. நான் கையில் காது இல்லாத ஒட்டகத்தோடு ஹால் நடுவில் நின்றேன். போய்க் கேட்டைத் திறந்தது அவள்தான். பழைய நைட்டியில் பச்சைப் பெயிண்ட். காலையிலேயே ஜம்பு மரம் ஆரம்பித்துவிட்டாள்.

"சாரி டாக்டர்," என்றாள். "இன்னைக்குத் தூக்க முடியாது லா. துணி இன்னும் காயல."

அவர் அவளைத் தாண்டி என்னை எட்டிப் பார்த்தார். எதுவும் புரியவில்லை, தனக்குத் தெரிந்த மூன்றில் எது பொருந்தும் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க, வந்து கன்னத்த வெச்சுப் பாருங்க," என்று அவள் உள்ளே திரும்பினாள். "ஊதினா மட்டும் சொல்லுங்க."